'இரு' எண்டால் எவ்வளவு நேரம்?

நாயை இருக்கச் சொன்ன பிறகு, 'அசையாதே' எண்டு இன்னொரு கட்டளையும் வேணுமா?

1933 ஒக்டோபரில் ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர், பூடில் நாய்கள் அழகுக்கு மட்டுமல்ல எனக் காட்ட, நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் 8 நாய்களோடு கீழ்ப்படிவுப் போட்டியொன்றை நடத்தினார். 1936இல் அமெரிக்கன் கெனல் கிளப் அதை ஏற்று விதிகள் வகுத்தது. அந்தக் காலத்தில் ஆரம்பப் பிரிவில் நாய் 1 நிமிடம் இருக்க வேண்டியிருந்தது. 3 நிமிடம் படுத்திருக்க வேண்டியிருந்தது. வளர்ப்பவர் 'ஸ்டே' என்றுவிட்டு விலகி நிற்பார். அந்த இரண்டாவது சொல் வீடுகளிலும் வழக்கில் இருக்கிறது.

பின்னர் பயிற்சியாளர்கள் பலர் அதை மறுத்தார்கள். 'இரு' என்றாலே, விடுவிக்கும் வரை இரு என்றுதான் அர்த்தம். தேவை இன்னொரு கட்டளை அல்ல, முடிவைச் சொல்லும் ஒரு சொல் என்றார்கள்.

எங்களுக்கு இது புதிசில்லை. எங்கட தமிழில் உட்காருவதும் 'இரு'தான், அப்படியே கிடப்பதும் 'இரு'தான். ஆனால் போட்டியில் நேரம் முடிந்ததை நடுவர் சொல்லுவார். வீட்டில் நாங்கள் 'இரு' எண்டு சொல்லிப்போட்டு ஃபோனோடு உள்ளே போயிடுறம். நாய் எழும்பினால் அடி. 'சரி, எழும்பு' எண்டு எப்பவாவது சொன்னோமா?