நாம் மறந்த பாதி

சுருளிப்பட்டியிலோ கம்பம் பள்ளத்தாக்கின் வேறெந்த ஊரிலோ நம் கோவில் திருமணங்களில் குருவானவர் மந்திரிக்கும் தாலியில் சிலுவையைக் காண்கிறோம். இவ்வழக்கத்திற்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதில் முக்கிய இடம் பெறுபவர் கர்தினால் சார்லஸ் தாமஸ் மயார் தெ தூர்னோன்.

1668-இல் துரின் நகரில் பிறந்த அவரை, 1701-இல் திருத்தந்தை பதினோராம் கிளமெந்து அந்தியோக்கியாவின் பிதாப்பிதாவாக உயர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தம் தூதராக அனுப்பினார். 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய அவர், எட்டு மாதங்கள் அங்கே தங்கினார். நோயினால் உள்நாட்டு ஊர்களுக்குச் செல்ல இயலவில்லை. இயேசு சபைக் குருக்கள் இருவரை விசாரித்து, 1704 ஜூன் 23 அன்று ஆணை பிறப்பித்தார்.

பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ ஆண்டவரின் அல்லது தேவதாயின் உருவமோ இருக்கலாம் என்றார். குழந்தை மணத்தையும், மணவிழாவில் தேங்காய் உடைப்பதையும் தடுத்தார். தத்துவ போதகர் 1606-இல் மதுரையில் தொடங்கிய வழி அடைபடுகிறதே என்று பலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. வயலில் கால் வையாதவர் பயிரின் தன்மையை எவ்வாறு அறிவார்?

ஆயினும் அதே ஆணையில் வேறொரு கட்டளையும் இருந்தது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட பறையர் இல்லத்தில் ஒருவர் சாகக் கிடந்தால், அவரை வெளியே தூக்கிவரச் செய்யாமல், குரு அவ்வீட்டினுள் சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்க வேண்டும் என்பதே அது. மேற்சாதியார் விலகிவிடுவர் என்ற அச்சத்தால் தயங்கியவர்களுக்கு இது பேரிடியாயிற்று.

தூர்னோன் சீனாவுக்குச் சென்றார். அங்கே முன்னோர் வணக்கச் சடங்குகளைத் தடுத்ததால் பேரரசர் காங்சியின் சினத்துக்கு ஆளாகி, மக்காவோவில் காவலில் வைக்கப்பட்டார். 1707-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டும் விடுதலை வரவில்லை. 1710 ஜூன் 8 அன்று, 41-ஆம் வயதில், அங்கேயே உயிர்நீத்தார்.

1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பு வழங்கினார். ஒதுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்தவும் இசைந்தார். குரு வீட்டினுள் வந்தார். ஆனால் குருக்களே இரு வகையாயினர்!

சடங்குகள் பற்றி மறைப்பணியாளர் அளிக்க வேண்டியிருந்த சத்தியப் பிரமாணம் 1940-இல் நீங்கியது. குத்துவிளக்கும் சந்தனமும் இன்று நம் பீடத்தருகே உள்ளன. இதில் மகிழ்கிறோம். ஆனால் சாதிக்கொரு கல்லறை வரிசை இன்னும் சில பங்குகளில் நீடிக்கிறதே! தூர்னோன் தவறிய இடத்தை நாம் திருத்திக்கொண்டோம். அவர் சரியாகச் சொன்ன இடத்தில் இன்னும் வாசலிலேயே நிற்கிறோம்.