ஒரு கைப்பிடிக் கட்டையும் 1857-ம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் மரம் சீவும் கத்தியோடு மலாயாவுக்கு வந்தவர்கள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கெடாவில் ரப்பர் கன்று ஊன்றுவதற்கு வெகு காலம் முன்பே தோளில் துப்பாக்கியோடு வந்தவர்களும் உண்டு. 1831, 1832-இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் நடந்த போருக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்தது சென்னைப் படைச் சிப்பாய்களைத்தான். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் அந்தப் படையில் இருந்தனர். 1838-இல் கெடா மலாய்க்காரர்கள் சயாமிய ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். அப்போது மெர்போக் ஆறு கடலில் சேரும் தஞ்சோங் டாவாய் இருக்கிற இந்தக் கெடாக் கரையையும் ஆங்கிலேயக் கப்பல்கள் முற்றுகையிட்டன.

அன்றைய துப்பாக்கிகளில் வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகத்தான் போட வேண்டும். சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு குழலைவிடச் சிறியது. போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். ஆனால் நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறும்.

இதற்கு மாற்றாக வந்தது ரைபிள். அதன் குழலுக்குள் திருகு போல வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரிகளில் இறுகப் பிடித்துச் சுழன்று வெளியேறினால்தான் குறி தப்பாது. அதனால் எண்ணெய் தடவிய துணியிலோ தோலிலோ குண்டைச் சுற்றி இறுக்கமாகத் திணிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் நீண்ட இடிகோலால் குத்தினால் கோல் வளையும், மரக்கோலானால் ஒடியும்.

இங்கேதான் ஒரு சிறு கட்டை கைகொடுத்தது. உள்ளங்கைக்கு அடங்கும் மரக் குமிழ். அதன் ஒரு பக்கம் ஒரு குட்டை முளை, இன்னொரு பக்கம் சில அங்குல நீளமுள்ள காம்பு. முளையால் குண்டை வாய்க்குள் அழுத்தி, காம்பால் இன்னும் சில அங்குலம் இறக்கிவிட்டால், மிச்ச வேலையை இடிகோல் பார்த்துக்கொள்ளும். வாய்வழித் துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் இன்றும் இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மரம் கெட்டியாக இருக்க வேண்டும். காம்பு குழலைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும். குண்டு நசுங்காமல் இருக்க நுனியில் குழிந்த பித்தளைப் பூண் நல்லது. தேடாமல் கைக்கு வர, பை வாரில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள்.

1800-இல் ஆங்கிலேயர் பேக்கர் ரைபிளைப் படைக்குக் கொடுத்தபோது, குண்டைத் தட்டி இறக்கச் சிறு மரச் சுத்தியலும் கொடுத்தார்கள். போர்க்களத்தில் இதற்கெல்லாம் நேரமேது? பிறகு அதைக் கைவிட்டார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் மினியே என்னும் பிரெஞ்சு அதிகாரி. 1849-இல் அவர் தந்த கூம்பு வடிவக் குண்டின் அடிப்புறம் குழிந்திருக்கும். குழலைவிடச் சிறியது என்பதால் எளிதாக இறங்கும். வெடிக்கும்போது அடிப்புறம் விரிந்து வரிகளைப் பிடித்துக்கொள்ளும். கட்டையும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். அந்த முறையில் அமைந்ததுதான் 1853-ஆம் ஆண்டு வகை என்பீல்டு ரைபிள்.

ஆனால் ஒன்று மிஞ்சியது. குண்டு வழுக்கி இறங்கத் தோட்டாக் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் காகிதத்தைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. விரும்பிய எண்ணெயை நீங்களே பூசிக்கொள்ளலாம், கையால் கிழிக்கலாம் என்றெல்லாம் பிறகு சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களிடம் நீட்டியது பழைய வகைத் தோட்டாதான். அப்படியும் மறுத்தார்கள் என்றால், செத்துப்போயிருந்தது நம்பிக்கை. மே 9 அன்று எல்லார் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கிட்டார்கள். மறுநாள் மீரட் பற்றி எரிந்தது.

இந்தப் பாடம் தமிழ் மண்ணில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்த ஒன்று. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணி, நெற்றிக் குறியை அழி என்று சென்னைப் படையில் உத்தரவிட்டதன் விளைவு, 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த புரட்சி. அதன் பின்னர் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆயினும் 1857-இல் வங்காளத்தில் அதே தவறு நடந்தது.

மூட நம்பிக்கையால் வந்த கலகம் என்று 1857-ஐச் சிலர் சுருக்கிவிடுகிறார்கள். நிலப்பறிப்பு, சம்பளக் குறை, அரசுகளை விழுங்கியது எனக் காரணங்கள் பல. தோட்டா அவற்றின் மேல் விழுந்த பொறி. அந்தப் பொறிக்கும் ஒரு காரணம் உண்டு. குண்டு இறுகும் சிக்கலைத் தீர்த்தவர்கள் குழலின் அளவையும் குண்டின் அளவையும் நுணுக்கமாக அளந்தார்கள். அதைக் கடிக்கப் போகிற வாயைக் கேட்கவில்லை.

மரம் சீவும் கத்தியைத் தன் கைக்கேற்பத் தீட்டிக்கொண்ட தோட்டத்து மக்களின் பிள்ளைகள் நாம். ஒரு கருவியை மாற்றுமுன் அதைப் பிடிக்கும் கையைக் கேட்க வேண்டும் என்பது நமக்குப் புரியாததல்ல.