பின் அச்சுப் பற்சக்கர விகிதம்

பின் அச்சுப் பற்சக்கர விகிதம் என்பது, பின்சக்கர இயக்கம் கொண்ட தானுந்துகளில் பின் சக்கரங்கள் ஒரு முறை சுற்றுவதற்கு உந்துதண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். இது இறுதி இயக்க விகிதம் எனவும் அழைக்கப்படுகிறது. விகிதம் 4.10 எனில், உந்துதண்டு 4.10 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். வண்டியின் முடுக்கம், மலையேறும் திறன், எரிபொருள் செலவு, இறக்கத்தில் வேகக் கட்டுப்பாடு ஆகியவை இவ்விகிதத்தைச் சார்ந்துள்ளன. சமவெளிச் சாலையிலும் மலைச்சாலையிலும் ஓடவேண்டிய வண்டிகளுக்கு இதன் தேர்வு முக்கியமானது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், சிலமலை ஆகிய ஊர்களிலிருந்து ஏலமலைக்குச் சென்று திரும்பும் வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

அமைப்பு

உந்துதண்டின் முனையில் ஒரு சிறிய பற்சக்கரமும், அச்சின் நடுவில் ஒரு பெரிய வளையப் பற்சக்கரமும் உள்ளன. பட்டறைகளில் இவை முறையே பினியன், கிரவுன் என வழங்கப்படுகின்றன. கிரவுனின் பற்களின் எண்ணிக்கையைப் பினியனின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 41 பற்கள் கொண்ட கிரவுனும் 11 பற்கள் கொண்ட பினியனும் சேர்ந்தால் விகிதம் 3.73 ஆகும்; 39 பற்களும் 8 பற்களும் சேர்ந்தால் 4.88 ஆகும். இரு எண்களுக்கும் பொதுக் காரணி இல்லாதவாறு பற்கள் அமைக்கப்படுவது வழக்கம். இதனால் ஒரே இரு பற்கள் அடிக்கடி சந்திக்காமல், தேய்மானம் எல்லாப் பற்களிலும் சமமாகப் பரவுகிறது.

இன்று பரவலாக உள்ள ஐப்பாய்டு வகைப் பற்சக்கரங்களைத் தானுந்துகளில் 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இவ்வகையில் பினியன், கிரவுனின் மையத்திற்குக் கீழே அமைவதால் உந்துதண்டும் வண்டியின் தளமும் தாழ்வாக அமைய முடிகிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட மாருதி 800 போன்ற தானுந்துகளில் பின் அச்சில் இயக்கப் பற்சக்கரங்கள் இல்லை. அவற்றின் இறுதி விகிதம் கியர் பெட்டியோடு இணைந்தே அமைகிறது.

கணக்கீடு

எஞ்சினின் சுழற்சியைக் கணக்கிட, முதலில் சக்கரம் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கையைக் காண வேண்டும். அதனைப் பின் அச்சு விகிதத்தாலும், அப்போதுள்ள கியரின் விகிதத்தாலும் பெருக்க வேண்டும். டயரின் சுற்றளவு 2 மீட்டர் எனவும், கடைசி கியரின் விகிதம் 1 எனவும் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 833 முறை சுற்றும். அப்போது எஞ்சின் நிமிடத்திற்குச் சுற்றும் எண்ணிக்கை பின்வருமாறு அமையும்:

* விகிதம் 3.08: ஏறத்தாழ 2,570
* விகிதம் 3.73: ஏறத்தாழ 3,110
* விகிதம் 4.10: ஏறத்தாழ 3,420
* விகிதம் 4.88: ஏறத்தாழ 4,070
* விகிதம் 5.38: ஏறத்தாழ 4,480

சக்கரத்தை அடையும் முறுக்குவிசையும் இதே விகிதத்தில் கூடுகிறது. 3.73 இலிருந்து 4.88 க்கு மாறினால் முறுக்குவிசை ஏறத்தாழ 31 விழுக்காடு அதிகரிக்கும். ஆனால் எஞ்சினின் திறன் சிறிதும் கூடுவதில்லை. இழுவிசையில் கிடைக்கும் ஆதாயம், வேகத்தில் இழக்கப்படுகிறது.

டயரின் அளவும் இக்கணக்கில் அடங்கும். விகிதம் 4.10 உள்ள வண்டியில் டயரின் சுற்றளவை 2 மீட்டரிலிருந்து 2.2 மீட்டராக உயர்த்தினால், அது ஏறத்தாழ 3.73 விகிதம் கொண்ட வண்டியைப் போலவே இயங்கும்.

விரைவுத் தானுந்துகளில் தேர்வு

சாலையில் ஓடும் விரைவுத் தானுந்துகளில் முடுக்கத்தைக் கூட்டுவதற்காகப் பெரிய எண் கொண்ட விகிதத்தைப் பொருத்துவது வழக்கம். இதனால் உண்மையில் மாறுபவை இரண்டே ஆகும். முதல் கியரில் வண்டி முன்பைவிட வலுவாகப் புறப்படும். கடைசி கியரில் எஞ்சின் முன்பைவிட வேகமாகச் சுழலும். இடைப்பட்ட கியர்களில் கிடைக்கும் கூடுதல் இழுவிசையைப் பெரும்பாலும் ஒரு கியர் குறைத்து ஓட்டுவதாலேயே பெற்றுவிடலாம். முதல் கியரிலேயே டயர்கள் வழுக்கும் அளவுக்கு வலுவான எஞ்சின் உள்ள வண்டிக்கு, புறப்பாட்டில் கிடைக்கும் ஆதாயமும் பயன்படாது.

கியர் பெட்டியின் வகையும் தேர்வைப் பாதிக்கிறது. கடைசி கியரின் விகிதம் 0.80 ஆக உள்ள ஐந்து கியர் பெட்டியுடன் 4.10 விகிதத்தைப் பொருத்தினால், மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் ஏறத்தாழ 2,730 முறையே சுற்றும். இது நான்கு கியர் பெட்டியும் 3.73 விகிதமும் கொண்ட வண்டியைவிடக் குறைவாகும்.

போடிமெட்டுச் சாலை

கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை போடிநாயக்கனூரைக் கடந்து, முந்தல் என்னும் அடிவார ஊரிலிருந்து மலையேறுகிறது. முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் இடையே 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது. அதாவது சராசரியாக 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் ஆகும். போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் உள்ளன. அத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் சென்று வருகின்றனர்.

ஜீப்புகள் பெரிய எண் கொண்ட விகிதத்துடனேயே வடிவமைக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி வகையின் விகிதம் 4.88 ஆகும். மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த சிஜே-3பி வகையின் விகிதம் 5.38 ஆகும். முதல் கியரின் விகிதம் 3.5 எனவும் டயரின் சுற்றளவு 2 மீட்டர் எனவும் கொண்டால், எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 முறை சுற்றும்போது 3.73 விகிதம் கொண்ட வண்டி மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும், 4.88 விகிதம் கொண்டது 7 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வரும்போது, கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி நிற்காமல் மெதுவாக ஊர்ந்து ஏற இந்த வேறுபாடு உதவுகிறது.

உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின்கள் 1,000 மீட்டர் ஏற்றத்திற்கு ஏறத்தாழ 10 விழுக்காடு திறனை இழக்கின்றன. ஆகவே அடிவாரத்தில் போதுமானதாகத் தோன்றும் விகிதம் உச்சியில் போதாமல் போகலாம்.

இறக்கம்

மலைச்சாலையில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து மிகுந்தது. தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கினால் பிரேக் பட்டைகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கின்றன. பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதிகட்டை பயனற்றுப் போகும். முடுக்கியை விடுத்து, கியரில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பின்னிழுக்கிறது. இந்தத் தடைவிசையும் பின் அச்சு விகிதத்தால் பெருக்கப்பட்டே சக்கரத்தை அடைகிறது. எனவே சிறிய எண் கொண்ட விகிதமுள்ள தானுந்து, ஜீப்பைவிட ஒரு கியர் குறைவாக இறங்க வேண்டியிருக்கும். ஏறிய கியரிலேயே இறங்குதல் என்பது ஓட்டுநர்கள் பின்பற்றும் பொது விதியாகும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் முன், பின் அச்சுகள் இரண்டின் விகிதங்களும் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில், நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போது இயக்கத் தொகுதி முறுக்குண்டு உடையக்கூடும்.
* கிரவுனும் பினியனும் இணையாகவே மாற்றப்பட வேண்டும். பற்களுக்கிடையே உள்ள இடைவெளி தவறினால் இரைச்சலும் விரைவான தேய்மானமும் உண்டாகும்.
* உந்துதண்டின் பக்கத்திலிருந்து இயங்கும் வேகமானி தவறான வேகத்தைக் காட்டும். அதன் பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டும்.
* இந்தியாவில் வண்டியில் செய்யப்படும் மாற்றங்கள் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு உட்பட்டவை.

சமவெளியில் மிகுதியாகவும் மலையில் எப்போதாவதும் ஓடும் தானுந்துக்கு, மலையை மட்டும் கருதி விகிதத்தை மாற்றுவது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கீழ் கியர்களே போதுமானவை. நாள்தோறும் சுமையுடன் மலையேறும் வண்டிக்குப் பெரிய எண் கொண்ட விகிதமே ஏற்றது.

இவற்றையும் பார்க்கவும்

* பற்சக்கரம்
* முறுக்குவிசை
* போடிநாயக்கனூர்