லூனபர்க்கும் ஷ்வேபிய ஆல்பும்: ஆடு காக்கும் இரு நிலங்கள்

ஜெர்மனியின் வடக்கே லூனபர்க் ஹைடெ, மணற்பாங்கான சமவெளி. தென்மேற்கே ஷ்வேபிய ஆல்ப், சுண்ணாம்புப் பாறை மலை. மண்ணும் செடியும் வேறு. ஆனால் ஆடு மேய்வது நின்றால் இரண்டையும் காடு மூடிவிடும். வெயில் படும் திறந்தவெளியை நம்பிய பூச்சியும் பறவையும் பூண்டும் அதோடு போய்விடும்.

இரண்டு இடத்திலும் பழைய வேளாண்மை ஒரே வேலையைத்தான் செய்தது: மேய்ச்சல் நிலத்துச் சத்தை வயலுக்குக் கடத்தியது. லூனபர்க்கில் மேல்மண்ணைச் செடியோடு வெட்டியெடுத்துப் பட்டியில் பரப்பி, புழுக்கை கலந்தபின் வயலில் கொட்டினார்கள். ஆல்பில் நம் ஊர்போலவே இரவில் வயலில் கிடை போட்டார்கள். கிடைக்கு உழவர்கள் காசு கொடுத்தார்கள். மேய்ச்சல் நிலம் சத்திழந்து மெலிந்தது. கொழுத்த மண்ணில் முரட்டுப் புல் மற்றதை அமுக்கிவிடும். மெலிந்த மண்ணில்தான் சிறு பூண்டுகளுக்கு இடம் கிடைக்கும்.

லூனபர்க்கின் ஆடு ஹைட்ஷ்னுக்கே என்ற இனம். குட்டி கருப்பாகப் பிறக்கும். வளர வளர உடல் சாம்பல் நிறமாகும், முகமும் காலும் கருப்பாகவே நிற்கும். ஹீத் என்ற புதர்ச்செடியின் முற்றிய கிளைகளைக் கடித்துப் புதுத்தளிர் விடச் செய்வதும், இடையில் முளைக்கும் பிர்ச், பைன் கன்றுகளைத் தின்று தீர்ப்பதும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுக் கம்பளி வந்து விலை சரிந்தது, செயற்கை உரமும் வந்தது. ஹீத் வெளிகளில் பைன் நட்டார்கள். எஞ்சியதைக் காக்க 1906இல் வில்ஹெல்ம் போடெ என்ற பாதிரியார் டோட்டன்குருண்ட் பள்ளத்தாக்கை வாங்க வழிசெய்தார். 1909இல் இயற்கைப் பூங்காச் சங்கம் உருவானது. இன்று அந்தச் சங்கமே மந்தைகள் வைத்திருக்கிறது. லாபம் பார்க்கவேண்டிய கட்டாயம் அந்த மந்தைகளுக்கு இல்லை.

ஆல்பின் கதை கம்பளியில் தொடங்கியது. 1786இல் வூர்ட்டம்பெர்க் கோமகன் கார்ல் ஒய்கன் மெரினோ ஆடுகளைத் தருவித்தார். அவற்றை உள்ளூர் ஆடுகளோடு கலந்து உருவானதே இன்றைய மெரினோலாண்ட்ஷாஃப். முள்ளுக்குப் பயந்து ஆடு ஒதுக்கிய ஜூனிபர் புதர்கள் சரிவெங்கும் நிற்கின்றன. இடையில் ஆர்க்கிட், ஜென்ஷியன், வெள்ளி நெருஞ்சி. மியூன்சிங்கனில் 1895 முதல் 2005 வரை ராணுவப் பயிற்சிக்களமாக இருந்த நிலத்தில் ஏரும் உரமும் படவில்லை, ஆடு மட்டும் மேய்ந்தது. 2009இல் யுனெஸ்கோ ஏற்ற உயிர்க்கோளக் காப்பகத்தில் அந்த நிலமும் அடக்கம்.

ஆல்பில் ஒரே ஆட்டைத் திரும்பத் திரும்பச் சோதித்த ஓர் ஆய்வு, 1996இல் வெளியானது. அந்த ஆட்டின் மேல் 85 வகைச் செடிகளின் 8,500க்கும் மேற்பட்ட விதைகள் ஒட்டியிருந்தன. மந்தை ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு நடந்து போனால்தான் அவை இடம் மாறும். லூனபர்க் மந்தைகள் மாலையில் பட்டிக்குத் திரும்பிவிடும். ஆல்பின் நடைமந்தைகளோ குளிர்காலத்துக்குத் தாழ்நிலங்களுக்கே போய்வந்தவை. இந்த விஷயத்தில் ஆல்ப் ஒரு படி மேல் என்பேன்.

ஆனால் விதை சுமக்கும் அந்தக் கம்பளிக்கு இன்று கத்தரிக்கும் கூலிகூடத் தேறுவதில்லை. ஆல்பின் மேய்ப்பர் பெரும்பாலும் சொந்தத் தொழில் செய்பவர்; குட்டி இறைச்சியும் நிலப் பராமரிப்புக்காக அரசு தரும் பணமுமே அவர் வருமானம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவார்கள். லூனபர்க்கில் ஆளைச் சங்கம் தாங்குகிறது. ஆல்பில் தாங்க ஆளில்லை. ஆகவே அரசு தரும் அந்தப் பணத்தை மானியம் என்று சொல்வது தவறு. செடிகளைக் காத்த வேலைக்கு அது கூலி. விலைவாசிக்கேற்ப உயரவேண்டிய கூலி.

ராமநாதபுரம், சிவகங்கையின் ஆடு மேய்ப்பர்களான கீதாரிகள் தஞ்சை வயல்களில் கிடை போட்டுப் பெறுவதும் கூலிதான். ஆனால் மேய்ச்சல் நிலத்தைக் காப்பதற்கு அவர்களுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. மேய்ச்சல் புறம்போக்கைத் தரிசு என்று எண்ணி மரம் நடத் திட்டம் போடுபவர்கள், முதலில் அங்கே ஆடு மேய்ப்பவரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.