சிறுகல்லூரிக் கூடைப்பந்து: பருவத் தொடக்கமும் ரசிகர்களும்

அமெரிக்காவில் சிறுகல்லூரிக் கூடைப்பந்து என்று சொன்னால் பெரும்பாலும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளையும், என்.ஏ.ஐ.ஏ. என்னும் தனி அமைப்பில் உள்ள கல்லூரிகளையும் குறிக்கும். என்.சி.ஏ.ஏ. தன் உறுப்பினர்களை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது 1973இல். மூன்றாம் பிரிவின் முதல் ஆடவர் கூடைப்பந்து சாம்பியன் போட்டி 1975இல் நடந்தது. மெம்ஃபிஸ் நகரின் லெமாய்ன்-ஓவன் கல்லூரி அதை வென்றது. இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இந்தப் பிரிவில் ஆடுகின்றன. இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. தொலைக்காட்சி உரிமைப் பணமும் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் பருவம் மார்ச்சில் முடிகிறது. அதில் நவம்பர், டிசம்பர் மாதங்களைப் பலர் ஒத்திகைக் காலமாகக் கருதி, ஜனவரிக்குப் பிறகே உண்மையான ஆட்டம் தொடங்குவதாக எண்ணுகிறார்கள். இந்தக் கருத்து தவறானது. சிறுகல்லூரி ஆட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், ஒரு ரசிகர் தன் அணியின் தரத்தை அறிந்துகொள்ள வாய்க்கும் காலங்களில் அதிகம் சொல்லக்கூடியது முதல் எட்டு வாரம்தான்.

காரணம் ஆட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. கல்லூரிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. பருவத்தின் பிற்பாதி முழுவதும் ஓர் அணி பெரும்பாலும் தன் கூட்டமைப்பில் உள்ள அணிகளோடுதான் மோதுகிறது. எட்டு அணிகள் கொண்ட கூட்டமைப்பில் ஒவ்வொன்றும் மற்றதை இரு முறை சந்தித்தால் மொத்தம் 56 ஆட்டங்கள்; அவற்றில் 56 வெற்றி, 56 தோல்வி. அந்த எட்டும் நாட்டின் தலைசிறந்த அணிகளாக இருந்தாலும், மிக எளிய அணிகளாக இருந்தாலும், இந்தக் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி ஆட்டங்களால் கூட்டமைப்புக்குள் யார் மேல், யார் கீழ் என்று மட்டுமே சொல்ல முடியும்; அந்தக் கூட்டமைப்பு வெளி உலகில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்பவை கூட்டமைப்புக்கு வெளியே நடக்கும் ஆட்டங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நவம்பரிலும் டிசம்பரிலும் முடிந்துவிடுகின்றன.

விஸ்கான்சின் மாநிலப் பொதுக் கல்லூரிகளின் கூட்டமைப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். பிளாட்வில் 1991, 1995, 1998, 1999 ஆண்டுகளில் மூன்றாம் பிரிவின் தேசிய சாம்பியன். நான்கும் போ ரயன் பயிற்சியில் கிடைத்தவை. ஒயிட்வாட்டர் 1984, 1989, 2012, 2014 ஆண்டுகளில் வென்றது. ஸ்டீவன்ஸ் பாயின்ட் 2004, 2005, 2010, 2015 ஆண்டுகளில் வென்றது. ஆஷ்காஷ் 2019இல் வென்றது. ஒரே மாநிலத்தின் ஒரே கூட்டமைப்பில் இத்தனை வாகைகள் குவிந்திருக்கும்போது, அங்கே எட்டு வெற்றி ஆறு தோல்வியோடு நடுவில் நிற்கும் அணி, வேறொரு கூட்டமைப்பில் ஒரு தோல்வியும் இல்லாமல் முதலிடம் பிடித்த அணியைவிட வலிமையானதாக இருக்கலாம். பிப்ரவரிப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது. நவம்பரில் அந்த நடுத்தர அணி அயோவாவுக்கும் இல்லினாய்ஸுக்கும் போய் யாரை, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றது என்று குறித்து வைத்தவருக்குத்தான் தெரியும்.

தேர்வு முறையும் இதையே உறுதி செய்கிறது. ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடக்கூடிய வழக்கமான ஆட்டங்கள் சுமார் 25. தேசியப் போட்டியில் 64 இடங்கள். பெரும்பாலான இடங்கள் கூட்டமைப்பு வாகையருக்குத் தாமாகவே போய்விடும். எஞ்சிய சில இடங்களுக்குத்தான் மற்ற எல்லாரும் போட்டியிடுகிறார்கள். 2024-25 பருவம் முதல் இந்த எஞ்சிய இடங்களை நிரப்ப, வெற்றி தோல்வியையும் எதிரணிகளின் வலிமையையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீட்டெண் பயன்படுகிறது. அந்தக் கணக்கில் ஓர் ஆட்டம் நவம்பரில் நடந்தது என்பதற்காக அதன் எடை குறைவதில்லை. மாணவர்கள் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்குக் கிளம்பும் வாரத்தில், பாதி காலியான அரங்கில் நழுவவிட்ட ஓர் ஆட்டம், மார்ச்சில் ஓர் இடத்தைப் பறித்துவிடலாம். பிப்ரவரியில் அதை ஈடுகட்ட ஓர் அணி எவ்வளவு முயன்றாலும், தன் கூட்டமைப்பு எதிரணிகளின் வலிமை எவ்வளவோ அவ்வளவுதான் ஈட்ட முடியும். அந்த வலிமையும் டிசம்பருக்குள் பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது.

இந்தக் காலத்தைப் பின்தொடரும் ரசிகர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆயிரம் முதல் மூவாயிரம் மாணவர் படிக்கும் கல்லூரி, அதன் பழைய மாணவர்கள், வீரர்களின் பெற்றோர், ஊர்க்காரர்கள். மிச்சிகனில் ஹோப் கல்லூரியும் கால்வின் பல்கலைக்கழகமும் மோதினால் கூட்டம் வேறு விதம்: 1997இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரின் வான் ஆன்டல் அரங்கில் பதினோராயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். மற்ற இடங்களில் அரங்கம் சில நூறு பேரோடு நிறைந்துவிடும். தேசியச் செய்தித்தாள்கள் இந்த ஆட்டங்களுக்கு நிருபர் அனுப்புவதில்லை. கல்லூரியே நடத்தும் இணைய ஒளிபரப்பும் ஆட்டம் முடிந்ததும் வெளிவரும் புள்ளிப்பட்டியலும்தான் ஆதாரம். எனவே இங்கே ரசிகர் என்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். நானூறு அணிகளின் முடிவுகளைப் பொருத்திப் பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் அவர்தான் செய்கிறார். பருவத் தொடக்கத்துக்கென்றே வளர்ந்த சடங்குகளும் உண்டு. இண்டியானாவில் டெய்லர் பல்கலைக்கழகத்தில், டிசம்பர்த் தேர்வு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வேடமிட்டு வரும் மாணவர்கள் தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுக்கும்வரை ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. பத்தாவது புள்ளி விழுந்ததும் அரங்கமே குதிக்கிறது. ஆர்கன்சாவின் ஜான் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் முதல் கூடை விழுந்தவுடன் கழிவறைக் காகிதச் சுருள்கள் மைதானத்தில் பறக்கும். அதற்காக விதிக்கப்படும் டெக்னிக்கல் ஃபவுலை அணி மனதார ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் என்.ஏ.ஐ.ஏ. கல்லூரிகள். இரண்டு சடங்குகளும் பருவத்தின் முதல் பாதியில் இடம்பெறுவது தற்செயல் அல்ல. மாணவர் ஊரில் இருக்கும் காலமும் புதிய அணியைப் பற்றிய ஆவல் உச்சத்தில் இருக்கும் காலமும் அதுதான்.

இதற்கு எதிராக வரும் முதல் ஆட்சேபணை கனமானது: எட்டு ஆட்டங்களை வைத்து எதைத்தான் முடிவு செய்வது? வெற்றி தோல்வியை மட்டும் எண்ணினால் இந்த ஆட்சேபணை சரி. ஆனால் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறத்தாழ எழுபது முறை பந்து கைக்கு வருகிறது. எட்டு ஆட்டம் என்றால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள். பந்தை எதிராளியிடம் இழப்பது, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது, எதிரணியை ஃபவுல் செய்ய வைப்பது போன்றவை ஒவ்வோர் ஆட்டத்திலும் திரும்பத் திரும்ப நிகழ்வதால் அவற்றின் போக்கு விரைவாகவே தெரிந்துவிடும். தெரியாதது தொலைவிலிருந்து எறியும் பந்தின் பலன். ஓர் அணி ஆட்டத்துக்கு 22 முறை மூன்று புள்ளி எல்லைக்கு வெளியிலிருந்து எறிகிறது என்றால் எட்டு ஆட்டங்களில் சுமார் 180 எறிகள். உண்மையில் 34 விழுக்காடு திறமையுள்ள அணி, வெறும் தற்செயலால் 30 விழுக்காட்டிலும் தெரியலாம், 38 விழுக்காட்டிலும் தெரியலாம். இந்த இடைவெளி ஆட்டத்துக்கு ஐந்து புள்ளிக்கும் மேல் வித்தியாசம் காட்டும். நெருக்கமான ஆட்டங்களை வெல்லவும் தோற்கவும் அது போதும். ஆகவே டிசம்பர் முடிவில் ஓர் அணி ஏழு வெற்றி ஒரு தோல்வியோடு நின்றால், கவனமுள்ள ரசிகர் முதலில் கேட்க வேண்டியது அந்த வெற்றிகள் எதனால் வந்தன என்பதை. எறிகள் நன்றாக விழுந்ததால் வந்தவை என்றால் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நல்லது. எதிரணியை அடிக்கடி பந்தை இழக்க வைத்ததால் வந்தவை என்றால் ஜனவரியிலும் அவை தொடரும் என்று நம்பலாம். சான்று குறைவு என்பதனால் அதைப் புறக்கணிக்க வேண்டியதில்லை; எந்தச் சான்று எவ்வளவு எடை தாங்கும் என்று பிரித்தறிந்தால் போதும்.

இரண்டாவது ஆட்சேபணை எதிரணிகளைப் பற்றியது. பருவத் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வான மோதல்கள் நிறைய. அவற்றின் எண்கள் கண்ணை மயக்கும். இதற்கு மிகப் பெயர்பெற்ற சான்று 2012 நவம்பர் 20 அன்று அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் நடந்தது. ஜாக் டெய்லர் என்ற வீரர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார். 108 எறிகளில் 52 விழுந்தன. மொத்த எறிகளில் மூன்று புள்ளி எறிகள் மட்டும் 71, அவற்றில் விழுந்தவை 27. ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரியை கிரின்னல் 179-104 என்று வென்றது. ஆனால் தோற்ற அணியிலும் ஒருவர் 70 புள்ளி எடுத்திருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் எண்களின் பொருள் மாறுகிறது. கிரின்னல் அணி பயிற்சியாளர் டேவிட் ஆர்சனால்ட் வகுத்த முறையில், ஐந்து ஐந்து பேராக அடிக்கடி மாற்றி, எதிரணியை விரைவாக எறிய விட்டு, தானும் மூன்று புள்ளியே குறியாக ஆடிவந்தது. எதிரணியோ என்.சி.ஏ.ஏ. உறுப்பினரே அல்ல. அணியின் வலிமையைப் பற்றி அந்த ஆட்டம் மிகக் குறைவாகவே சொன்னது. இது புதிய சிக்கலும் அல்ல. ஒஹாயோவில் நூறு மாணவர்கூட இல்லாத ரியோ கிராண்டே கல்லூரியின் பெவோ ஃபிரான்சிஸ் 1953இல் எடுத்த 116 புள்ளிகள், எதிரணி ஈராண்டுக் கல்லூரி என்பதால் ஏட்டில் ஏறவில்லை. மறு ஆண்டு ஹில்ஸ்டேலுக்கு எதிராக எடுத்த 113தான் நெடுங்காலம் சாதனையாக நின்றது. எண்ணுக்கு முன் எதிரணியைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் சிறுகல்லூரி ஆட்டத்தில் அறுபது ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது.

ஏற்றத்தாழ்வு எப்போதும் ஒரே பக்கம் சாய்வதும் இல்லை. 1982 டிசம்பர் 23 அன்று ஹொனலூலுவில், ஆயிரம் மாணவர்களுக்கும் குறைவாக இருந்த சாமினாட் பல்கலைக்கழகம், ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய, அப்போது நாட்டின் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா அணியை 77-72 என்று வென்றது. சாமினாட் அன்று என்.ஏ.ஐ.ஏ. கல்லூரி. அந்த வெற்றியிலிருந்து பிறந்ததுதான் 1984 முதல் நடக்கும் மாவி போட்டி. ஜனவரி பிறந்த பிறகு இப்படியொரு சந்திப்பு ஏறக்குறைய நடக்கவே முடியாது. பெரிய கல்லூரிகளின் நாட்காட்டி மூடிக்கொள்ளும். மூன்றாம் பிரிவு அணிகள் முதல் பிரிவு அணிகளோடு நவம்பரில் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் சிறிய அணியின் கணக்கில் காட்சி ஆட்டமாகவே பதிவாகின்றன. தோற்றாலும் நட்டம் இல்லை. முப்பது புள்ளியில் தோற்றது என்ற ஒரு வரியை விட்டுவிட்டு, முதல் இருபது நிமிடத்தில் தன் இயல்பான ஆட்டத்தை அந்த அணியால் ஆட முடிந்ததா என்று பார்ப்பவருக்கு அதிலும் பயன் உண்டு.

அணிகள் மாறிக்கொண்டே இருப்பதால் நவம்பரில் பார்த்த அணி பிப்ரவரியில் இருக்காது என்பது மூன்றாவது ஆட்சேபணை. இதில் பாதி உண்மை. நியூ இங்கிலாந்தின் நெஸ்காக் கூட்டமைப்பில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், பௌடின் உள்ளிட்ட பதினொரு கல்லூரிகள் இருக்கின்றன. மற்ற பலர் அக்டோபர் நடுவிலேயே பயிற்சியைத் தொடங்க, இவர்கள் நவம்பர் 1 அன்றுதான் தொடங்குகிறார்கள். இவர்களுடைய முதல் ஆட்டங்களில் தெரியும் தடுமாற்றத்தை அப்படியே எடுத்துக்கொள்வது நியாயமல்ல. முதலாண்டு மாணவர்களை நம்பி ஆடும் அணிகளும் இப்படித்தான் தாமதமாக மலரும். வில்லியம்ஸில் முதலாண்டிலேயே முக்கிய வீரரான டங்கன் ராபின்சன் 2014 இறுதிப் போட்டிவரை ஆடினார். ஒயிட்வாட்டர் அதில் 75-73 என்று வென்றது. பிறகு அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, என்.பி.ஏ. வரை போனார். ஆனால் இந்த வகை விலகல் சிறுகல்லூரிகளில் விதிவிலக்கு. பெரும்பாலோர் படிப்புக்காக வந்து, நான்காண்டு அதே சீருடையில் ஆடிப் பட்டம் பெறுகிறார்கள். போன மார்ச்சில் இருந்த ஐவரில் நால்வர் திரும்பி வந்திருக்கும் அணியின் நவம்பர் ஆட்டம் ஒரு புதிய அணியின் ஆட்டம் அல்ல. ஏற்கெனவே அறிந்த அணியின் தொடர்ச்சி. கனெக்டிகட்டின் டிரினிட்டி கல்லூரி 2024இல் இறுதி நால்வரில் இடம்பெற்று, 2025இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தை 64-60 என்று வென்று வாகை சூடியது. அந்த 2024-25 பருவத்தின் முதல் வாரங்களைப் படித்தவர் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கவில்லை. எனவே ஆட்சேபணையை ஒரு திருத்தமாக ஏற்கலாம்: யார் திரும்பி வந்தார்கள், எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்ட பிறகே முடிவுகளைப் படிக்க வேண்டும்.

இந்த வாதமெல்லாம் வெல்லும் அணிகளுக்கே பொருந்தும், மார்ச்சை எண்ணிப் பார்க்க வழியில்லாத கல்லூரிகளுக்கு நவம்பர் என்ன தரும் என்று கேட்கலாம். அவற்றுக்குத்தான் கூட்டமைப்புக்கு வெளியே உள்ள ஆட்டங்கள் இன்னும் அதிகம் வேண்டும். கூட்டமைப்பு எதிரணிகளை ஒரு கல்லூரி தேர்ந்தெடுக்க முடியாது. வெளி ஆட்டங்களில் தனக்கு நிகரானவரைத் தேடிக்கொள்ளலாம். பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் தெற்குக் கலிஃபோர்னியாவின் பொமோனா-பிட்சர் அணியை 1979இல் ஏற்று, முதல் பருவத்தில் இரண்டு வெற்றி, இருபத்திரண்டு தோல்வி கண்டார்; 1986இல் அதே அணி கூட்டமைப்பு வாகையானது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியைக் கூட்டமைப்புப் பட்டியலின் கடைசி வரிகளில் தேடியவருக்கு அதிகம் கிடைத்திராது. அதே தெற்குக் கலிஃபோர்னியக் கூட்டமைப்பில் உள்ள கால்டெக், மூன்றாம் பிரிவு அணிகளிடம் தொடர்ந்து 207 ஆட்டம் தோற்ற பிறகு, 2007 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியை 81-52 என்று வென்றது. அது கூட்டமைப்புக்கு வெளியே நடந்த ஆட்டம். கூட்டமைப்புக்குள்ளேயோ தோல்விகள் நிற்கவில்லை. 310 ஆட்டங்களுக்குப் பிறகு, 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸிடென்டல் கல்லூரியை ஒரே ஒரு புள்ளியில், 46-45 என்று வென்றபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது. இடையில் கழிந்த நான்கு ஆண்டுகளிலும் கூட்டமைப்புப் பட்டியலில் வெற்றிக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. தங்கள் அணி யாரையேனும் வெல்லக்கூடியது என்பதற்கு அதன் ஆதரவாளர்களிடம் இருந்த சான்றெல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நடந்த ஆட்டங்களிலிருந்து வந்தவையே.