டோஸ்ட் மேல் ஏறிய மூன்று விருந்தாளிகள்

நம் குடியிருப்பில் பிறந்தநாளோ புத்தாண்டு ஒன்றுகூடலோ, எதுவானாலும் சமோசாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும். சின்னச் சதுரமாக வெட்டிய டோஸ்ட், அதன் மேல் ஒரு துண்டு சீஸ், அதற்கும் மேல் அன்னாசியோ திராட்சையோ, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பல்குச்சி. பத்து நிமிட வேலைதான். ஆனால் பழம், ரொட்டி, சீஸ் மூன்றும் மயிலாப்பூர் வீடுகளில் ஒரே தட்டில் உட்கார நானூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மூன்றும் ஒரே நாளில் வரவும் இல்லை. யார் முதலில் வந்தார், யார் கடைசியில் வந்தார் என்பதில்தான் கதை இருக்கிறது.

லஸ் கார்னரில் தினமும் ஆட்டோவுக்கு நிற்கிறோம். 'லஸ்' என்பது போர்த்துகீசிய மொழியில் 'ஒளி'. காட்டுக்கோயில் என்று ஊரார் அழைத்த ஒளி மாதா ஆலயத்தின் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அதே நூற்றாண்டில் சாந்தோம் கடற்கரையில் போர்த்துகீசியர் ஊரே அமைத்துக் குடியேறினார்கள். நாம் சாப்பிட உட்காரும் 'மேசை', வீட்டைப் பூட்டும் 'சாவி', காற்று வரும் 'ஜன்னல்' எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்தான்.

அன்னாசியும் அப்படித்தான். அதன் தாயகம் தென் அமெரிக்கா. 1493-ல் குவாதலூப் தீவில் கொலம்பஸ் அதைக் கண்டார். தென் அமெரிக்கத் துபி மொழிச் சொல்லைப் போர்த்துகீசியர் 'அனனாஸ்' என்றார்கள். நாம் அதை அன்னாசி ஆக்கிக்கொண்டோம். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலில் இந்தியா வந்த பழம், இன்று கல்யாணப் பந்தியில் ரசமாகவும் கேசரியாகவும் வருகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. காரணம் எளிது: பழத்தைச் சமைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தோலைச் சீவினால் போதும். யார் கை பட்டது, எந்தப் பாத்திரத்தில் வெந்தது என்ற கேள்வியே எழாது.

ரொட்டியிடம் அந்தக் கேள்வி எழுந்தது. போர்த்துகீசியர் அதைப் 'பாவ்' என்றார்கள். மும்பையில் அது பாவ், இலங்கைத் தமிழில் இன்றும் பாண். நம் பக்கத்து ஆசாரமான வீடுகளிலோ, வெளியார் பிசைந்து வெளியார் அடுப்பில் சுட்ட பண்டம் அது. முட்டை சேர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வேறு. காய்ச்சல் வந்தால் பாலில் தோய்த்துத் தரும் ஆஸ்பத்திரி ஆகாரமாக மட்டும் அதற்கு அனுமதி இருந்தது.

அதை மாற்றியது அரிசிப் பஞ்சம். 1960-களின் நடுவில் அரிசி கிடைப்பது கடினமாகி, அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்தது என்றால் தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். 1965-ல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஆலை வந்தது. இயந்திரம் பிசைந்து, இயந்திரம் வெட்டி, தாளில் சுற்றிய ரொட்டி மளிகைக் கடைக்கே வந்தது. அரசாங்க ரொட்டி என்பதால் நம்பிக்கையும் வந்தது. காய்ச்சல் இல்லாத நாளிலும் ரொட்டி வீட்டுக்குள் நுழைந்தது. 2000-ல் அந்த நிறுவனம் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது தனிக் கதை.

கடைசியாக வந்தது சீஸ். வங்காளத்தில் போர்த்துகீசியர் குடியேறிய பாண்டெல் ஊரின் பெயரில் இன்றும் ஒரு சீஸ் விற்கிறது. சாந்தோம் பெயரில் அப்படி ஒன்று இல்லை. பால் திரிந்துபோவதை அபசகுனமாகப் பார்க்கும் ஊர் இது. பாலை உறைய வைக்க நமக்குத் தெரிந்த வழி ஒரு கரண்டி மோர். சீஸுக்குத் தமிழில் வைத்த 'பாலாடைக்கட்டி' என்ற பெயரே அரைகுறைதான். பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படரும் ஏடு, அதற்கும் சீஸுக்கும் சம்பந்தமில்லை.

உண்மையான தடை ரென்னெட். ஐரோப்பாவில் சீஸ் செய்ய, பால்குடி மாறாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டை ஊற்றிப் பாலைக் கட்டியாக்குவது மரபு. சைவ வீடுகள் சீஸை ஒதுக்கியதற்கு இது ஒன்றே போதும். சென்னை வெயில் இன்னொரு தடை. 1911-ல் சுவிட்சர்லாந்தில் உருவான பதப்படுத்திய சீஸ் வெயில் பிரச்சினையைத் தீர்த்தது. 1960-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு பூஞ்சணத்திலிருந்து பாலைக் கட்டியாக்கும் நொதியை எடுத்ததும் கன்றின் தேவை நீங்கியது.

எல்லோரும் வாங்கும் விலையில் அதைக் கொண்டுவந்தது குஜராத்தின் கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு, அதாவது அமுல். அதை வளர்த்த வர்கீஸ் குரியன், நம் லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். எருமைப் பாலில் பால்பவுடர் வராது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதைப் பொய்யாக்கிய எச்.எம்.தலாயா அவருடைய தோழர். அந்தக் கூட்டுறவின் சீஸ் இன்று நுண்ணுயிர் ரென்னெட்டில் தயாராகிறது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளியும் உண்டு.

ஆக, மூன்று பண்டங்களும் நம் தட்டுக்கு வந்தது ருசியால் மட்டும் அல்ல. ரொட்டியும் சீஸும் அவற்றில் இருந்த சந்தேகத்தை யாரோ தீர்த்து வைத்த பிறகே வந்தன. அடுத்த விருந்துக்கு டோஸ்ட் செய்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். நம் கூட்டங்களில் "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று காபியோடு ஒதுங்கும் பெரியவர்கள் பலர், கேட்கக் கூச்சப்படுபவர்கள். ரொட்டியில் முட்டை இல்லை, சீஸில் கன்று ரென்னெட் இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தட்டருகே வையுங்கள். இறக்குமதி சீஸ் என்றால் புள்ளியையும் பொருள் பட்டியலையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

இனி செய்முறை. ரொட்டியைத் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி மொறுமொறுவென்று வாட்டி, நன்றாக ஆறவிட்டு, நான்காக வெட்டுங்கள். பச்சை அன்னாசியில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. அப்படியே வைத்தால் சிறிது நேரத்தில் சீஸ் கசக்கும். அதனால் அன்னாசித் துண்டுகளைக் கல்லில் இரண்டு பக்கமும் சூடாக்கி, நீர் வடித்து, ஆறவைத்துக்கொள்ளுங்கள். டோஸ்ட் மேல் சீஸ், அதன் மேல் பழம், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், பல்குச்சி. விருந்தாளிகள் வர அரை மணி முன்பு அடுக்கினால் போதும். முன்னாலேயே அடுக்கினால் ரொட்டி ஊறிவிடும்.

மிளகு மட்டும் நம் ஊர்ச் சரக்கு. அதைத் தேடித்தான் போர்த்துகீசியர் கப்பல் ஏறினார்கள்.