கோலார் நிகழ்வுகளும் இருண்ட பொருளும்

கலசப்பாக்கம் அடங்கிய பழைய வடஆர்க்காடு மாவட்டத்துத் தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கவயல், 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த இடமாகவே பெரிதும் பேசப்படுகிறது. 1975இல் அங்கு மேனன், நரசிம்மம் உள்ளிட்டோர் வெளியிட்ட சில பதிவுகள் அதனினும் ஆழ்ந்த புதிராகும். பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட காற்றில், ஒரே புள்ளியிலிருந்து துகள்தடங்கள் பிரிந்திருந்தன. காற்றில் நியூட்ரினோ மோதுவது மிக அரிது. ஆகவே, பாறையில் நியூட்ரினோவால் உண்டான புதிய துகளொன்று காற்றில் சிதைந்ததெனக் கருதினர். அவ்வாறாயின் முடுக்கிகளிலும் அது தோன்றியிருக்க வேண்டும், தேடியும் அகப்படவில்லை.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த மூர்த்தியும் ராஜசேகரனும் 2014இல் இம்முடிச்சை வேறுவகையில் அவிழ்த்தனர்: எங்கும் பரவியுள்ள, 5 முதல் 10 ஜிஇவி நிறைகொண்ட இருண்ட பொருள் துகளே சிதைந்திருக்கலாம். இது கருதுகோளே, எனினும் சோதிக்கத்தக்கது. அதற்குப் பெரிய காற்றுவெளியுடைய நிலத்தடிக் குகை வேண்டும். தங்கவயல் சுரங்கமோ 2001இலேயே மூடப்பட்டுவிட்டது.